வலப்பக்கத் தாங்கி

ஏப்ரல் வந்தும் சஸ்காச்சுவனில்
சேறாவதா பனியாவதா என்று
மண் இன்னும் முடிவெடுக்கவில்லை.
கொட்டகைக்குள் என் கோதுமை லாரி,
எழுபத்து மூன்றாம் வருடத்து இன்டர்நேஷனல்,
இடது தோள் இறங்கி நிற்கிறது.

கேபினைத் தாங்கும் இரும்பைத் தொட்டேன்.
தேநீரில் நனைத்த பிஸ்கட் மாதிரி
விரலோடு வந்துவிட்டது.
குளிருக்குக் குளிர் சாலையில் இறைக்கும் உப்பு
நிதானமாகச் சமைத்திருக்கிறது.

ரெஜைனாவுக்குப் போன் செய்தேன்.
பாகங்கள் விற்கிற பையன் மாடல் எண்ணை வாங்கிக்கொண்டு
சற்று நேரம் பேசவில்லை.
"அம்மா, இதை ஒரு எண் என்றே
கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை" என்றான்.
சரி.

வேலியோரப் புல்லுக்குள்
பழைய விதைப்பானின் சட்டம் கிடந்தது, கால் அங்குலக் கனம்.
ஓட்ஸ் டப்பாவைக் கிழித்து அட்டையில் வடிவம் எடுத்தேன்.
மாக்கல்லால் கோடு.
காஸ் கட்டரால் வெட்டு.
தணல் நிறம் ஏறும்வரை காய்ச்சி, வைஸில் கவ்வி,
நீளக் குழாயைச் சொருகி
என் முழு எடையும் கொடுத்துத் தொங்கியதில்
மெல்ல மனமிரங்கி வளைந்தது.
நான்கு துளைகள். ஒவ்வொன்றுக்கும் கால்மணி நேரம்.
எண்ணெய் புகைந்தது, சீவல் சுருண்டது,
ஒரு சுருள் காலுறைக்குள் போய்
என்னை ஆடவும் வைத்தது.

இரும்பு பிடித்த கை சும்மா இருக்காதாம்.
சிரங்கு பிடித்த கைக்காவது களிம்பு உண்டு.

அடியில் படுத்துப் பொருத்திப் பார்த்தேன்.
திருப்பிப் பார்த்தேன்.
தலைகீழாகப் பார்த்தேன்.
ஓட்ஸ் டப்பாவின் எழுத்துப் பக்கத்தைக்
கவிழ்த்து வைத்து வரைந்திருக்கிறேன்.
என் கையில் இருப்பது
அப்பழுக்கில்லாத வலப்பக்கத் தாங்கி.

குழி தோண்டும் துளைப்பானை இரவல் கேட்க வந்த
வாசில் லசாருக் அதை வாங்கி
வெளிச்சத்தில் பிடித்தான்.
சிரிக்கவில்லை, அதுதான் அவனிடம் மோசம்.
"அருமையான வேலை, இர்மா.
வேறொரு லாரிக்கு."

அவன் போன பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல்
அடியிலேயே கிடந்தேன்.
அப்போதுதான் கண்ணில் பட்டது,
ஓட்டுநர் இருக்கைக்கு நேர் கீழே
தார் பூசிய ஒரு தகடு.
கம்பிப் பிரஷால் தேய்த்தேன்.
மஞ்சள் வந்தது. கறுப்புக் குளம்பு ஒன்று வந்தது.
பின்னங்கால், வயிறு, கொம்பு.
மான்கள் குறுக்கிடும், கவனம் என்று சொல்லும்
நெடுஞ்சாலைப் பலகை!
யாரோ கழற்றி வந்து, ஓட்டைத் தரைக்கு
ஒட்டுப் போட்டிருக்கிறார்கள்.

மெல்ஃபோர்ட் ஏலத்தில் வாங்கிய வண்டி.
முந்தைய ஆள் யாரென்று தெரியாது.
தெரிந்ததெல்லாம் ரிவெட்டுகள்தான்.
முதல் பத்தும் விரல் அகலத்தில்,
அளந்து, அணி வகுத்து.
அப்புறம் இரண்டு விரல். அப்புறம் நான்கு.
கடைசி மூலையில் ஒரு சாணுக்கு ஒன்று.
ரிவெட் தீர்ந்ததா, பொறுமை தீர்ந்ததா,
சாப்பிடக் கூப்பிட்டார்களா,
இல்லை, பலகையைத் தேடிக்கொண்டு
போலீஸ் வண்டி வாசலில் திரும்பியதா?

பத்தொன்பது வருடமாக
துள்ளுகிற மானின் மேல் கால் வைத்துத்தான்
கிளட்ச் மிதித்திருக்கிறேன்.

மறுநாள் இன்னொன்று செய்தேன்.
இம்முறை அட்டையின் மேல்
கொட்டை எழுத்தில் 'இடது' என்று எழுதி,
அம்புக்குறியும் போட்டு,
ஆள் இல்லாத கொட்டகையில் வாய்விட்டுச் சொல்லியும்கொண்டேன்.
சுத்தியல் கொஞ்சம் சமாதானம் பேசியதும்
நான்கு போல்ட்டும் இறங்கின.
வலப்பக்கத் தாங்கிக்கும் கறுப்பு பெயிண்ட் அடித்து
ஆணியில் மாட்டினேன்.
வண்டியின் வலப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தேன்.
'ணங்' என்று சொல்லவில்லை.
'டொக்' என்றும் சொல்லவில்லை.

மே மாதம் விதை ஏற்றினோம்.
லாரி இப்போது நேராக நிற்கிறது.
நேராக நிற்பதால் கதவு சாத்தமாட்டேன் என்கிறது.
சாய்ந்த வீட்டுக்கு ஏற்றபடி
தானும் சாய்ந்து பழகிய கதவு அது, பாவம்.
கயிற்றால் கட்டி ஓட்டுகிறேன்.

கீலுக்கு ஒரு துண்டு வெட்டவேண்டும்.
டப்பாவில் இன்னும் அரைக்கிலோ ஓட்ஸ் இருக்கிறது.
இந்த வாரம் முழுக்கக்
காலையில் கஞ்சிதான்.